உள்ளூர் மீனவர் ஒருவர்

டவுன்ஸ்வில், அவுஸ்திரேலியா
03.08.2025

அன்புள்ள பஸ்மியா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் கிழிக்கத்தான் நினைத்திருப்பீர்கள். கிழிப்பதற்கு முன் ஒரு தரம் வாசித்துவிடுங்கள். போன் எடுத்தால் வெட்டுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். வீட்டுப் போனுக்கு எடுத்தால் நஜ்முன் எடுத்து, "உம்மா குளிக்கிறா மாமி" என்கிறாள். எந்த நேரம் எடுத்தாலும் நீங்கள் குளித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பிள்ளையைப் பொய் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே பேனையை எடுத்தேன்.

நான் கடைசியாக லீவில் வந்தபோது காக்கா தன் தங்கச்சிக்கென்று ஒரு பாம்பைப் போத்தலில் போட்டுத் தந்தாரே, சின்னத்தோணாவில் வலையில் செத்துக் கிடந்ததென்று. அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் என்பது இப்போது உறுதியாகிவிட்டது. கொட்டியாரக்குடாவில் வலைகளில் ஏறும் மற்றக் கடற்பாம்புகளோடு, அந்த வலைக்கடியன்களோடு, ஒவ்வொரு செதிலாக ஒப்பிட்டுப் பார்த்தோம். இதன் தலை சிறியது, கழுத்தில் ஒரு வெள்ளை வளையம். கடலில் விழும் நம் தோணா ஓடையின் சேற்றை விட்டு இது கடலுக்குப் போவதே இல்லை. அந்தச் சேற்றில் பொந்து வைக்கும் ஒரு உழுவை மீனைத்தான் தின்கிறது. அந்தத் தோணா போனால் இதுவும் போய்விடும். "இது மத்ததுகளப் போல இல்ல தங்கச்சி, இது போற போக்கே வேற" என்று எனக்கு முதலில் சொன்னது காக்காதான்.

புது இனத்தைக் கண்டால் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை அதைப் பற்றி முதலில் எழுதுகிறவருக்கு. நான் காக்காவின் பெயரை வைத்திருக்கிறேன். ஹைட்ரோஃபிஸ் ஸப்வானி. இங்கே ஒரு ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி அந்தப் பாம்பைப் பற்றி எழுதும் எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், காக்காவின் பெயரை எழுதாமல் எழுத முடியாது.

முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். மூதூரில் உம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. சந்தோசப்படுவீர்கள் என்று நம்புகிறேன்.

றிஷானா


கிண்ணியா
25.08.2025

மச்சி றிஷானாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன்.

கிழிக்கவில்லை. முழுவதும் வாசித்தேன். ஒரு மனிதனைக் கடித்துக் கொன்ற பாம்புக்கு அந்த மனிதனுடைய பெயரையே வைத்துவிட்டு, வீட்டுக்காரியைச் சந்தோசப்படச் சொல்ல உங்களால்தான் முடியும்.

அன்று காலை என்ன நடந்தது என்று நீங்கள் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். முன்பெல்லாம் வலையில் பாம்பு ஏறினால் எல்லாரையும் போல அவரும் கட்டையால் ஒரு அடி அடித்துத் தண்ணீரில் எறிவார். நீங்கள் வந்து, "அடிக்காதீங்க காக்கா, இது இங்க மட்டும்தான் இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தங்கச்சி சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அதன் பிறகு, பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி ஒவ்வொன்றையும் வெறுங்கையால் வலையிலிருந்து எடுத்து எடுத்து விட்டார். தோணியில் கூடப் போகும் சாம்பல்தீவு யோகலிங்கம் அண்ணன் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார்.

அன்றைக்கும் அந்த வெள்ளை வளையப் பாம்பு ஒன்றை அப்படி விட்டுவிட்டுத்தான் வந்தார். விரலில் ஒரு சின்னக் குத்து. வலியே இல்லை. அந்த வலையில் கெளிறும் ஏறியிருந்ததால், கெளிறு முள்ளுக் குத்திவிட்டது என்றே அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். கெளிறு முள்ளுக்கு எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தேன். சுடுதண்ணீருக்குள் கையை வைக்கச் சொன்னேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார். லுஹர் தொழுகைக்கு எழுப்பினால் வாயைத் திறக்க ஏலாமல் கிடந்தார். தூக்க முடியாமல் உடம்பெல்லாம் விறைத்திருந்தது. ஆசுப்பத்திரியில் அவர்களால் முடிந்ததெல்லாம் செய்தார்கள். இதற்கென்று மருந்து கையில் இல்லை என்றார்கள்.

அடக்கம் செய்த மண் காயவில்லை, நீங்கள் போன் எடுத்தீர்கள். அழுதீர்கள். பிறகு என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? "மதினி, அந்தப் பாம்ப என்ன செஞ்சீங்க?" இதைத்தான் கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் நான் குளிக்கத் தொடங்கினேன்.

நஜ்முனைப் பள்ளிக்கூடத்தில் இப்போதே பாம்பு கடித்தவரின் மகள் என்கிறார்கள். நாளைக்குப் பாம்பின் மகள் என்பார்கள். அவளுடைய பெயருக்கு முன்னால் நிற்பது அவருடைய பெயர். அதைப் பாம்புக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்தப் பெயரை எடுங்கள்.

பஸ்மியா


டவுன்ஸ்வில்
18.09.2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல்கலைக்கழகப் படிக்கட்டில் இருந்து வாசித்தேன்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. மறக்கவும் ஏலாது. ஏன் கேட்டேன் என்று சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். அது தோணாப் பாம்பாக இருக்கக்கூடாது, வேறு ஏதாவது வலைக்கடியனாக இருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. வேறு பாம்பு என்றால் நான் காரணமில்லை அல்லவா? காக்கா போன அன்று நான் யோசித்தது அதைத்தான். நீங்கள் போனை வெட்டியது சரி.

ஆனால் மதினி, அவர் உங்களுக்குக் கணவர் என்றால் எனக்குக் காக்கா. வாப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். ஜனாஸாவின் முகம் பார்க்க உங்களுக்குக் கிடைத்தது. நான் டிக்கட் எடுத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போகும் வழியில், அடக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பாதி வழியில் திரும்பி அறைக்கு வந்தேன். அறையில் காக்கா தந்த போத்தல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் வேறு என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்த மரியாதை இதுதான். இந்தத் துறையில் ஒரு உயிருக்கு ஒருவருடைய பெயரை வைப்பது என்றால், அவரைத் தலையில் தூக்கி வைப்பது என்று அர்த்தம். கிண்ணியாவில் அதற்கு வேறு அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் கிண்ணியாத் தோணாவில் குளித்து வளர்ந்தவள்தானே.

ஒரு விசயத்தை மட்டும் யோசியுங்கள். பெயர் வெளிவந்துவிட்டால் பிறகு யார் கேட்டாலும் மாற்ற ஏலாது, நானே கேட்டாலும். அதுதான் விதி. இதழ் ஜனவரிக் கடைசியில் வருகிறது. அதற்கு முதல் கடைசிப் பிரதியைத் திருத்தி நான் அனுப்ப வேண்டும். அதுவரை முடிவு உங்களுடையது. பாம்பின் பெயரை மாற்றினாலும், பிடித்தவர் யார் என்று எழுதும் வரியில் காக்காவின் பெயர் இருக்கும். அதுவாவது இருக்கட்டும் என்று கேட்கிறேன்.

நஜ்முனைக் கட்டிப்பிடித்ததாகச் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் சும்மா கட்டிப்பிடியுங்கள்.

றிஷானா


கிண்ணியா
12.10.2025

மச்சிக்கு,

உங்களுக்கும் காக்காதான் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் எப்போதும் இல்லையென்று சொன்னதில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் திரும்பினீர்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அதற்காகக் கவலைப்படுகிறேன்.

ஆனால் முடிவைக் கேட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். பாம்பின் பெயரிலும் வேண்டாம், பிடித்தவர் என்ற வரியிலும் வேண்டாம், நன்றி சொல்லும் இடத்திலும் வேண்டாம். அந்தப் பாம்பு இருக்கும் தாளில் அவருடைய பெயரில் ஒரு எழுத்துக்கூட இருக்கக்கூடாது. பாம்பு ஒரு பக்கம் இருக்கட்டும். என் மனிசன் ஒரு பக்கம் இருக்கட்டும்.

நஜ்முனைக் கட்டிப்பிடித்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவளாகவே "மாமி எழுதினாவா?" என்று கேட்டாள்.

பஸ்மியா


டவுன்ஸ்வில்
06.11.2025

மதினிக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன்.

பாம்புக்கு இப்போது தோணாவின் பெயர். நன்றி சொல்லும் இடத்தில் இருந்த காக்காவின் பெயரை எடுத்தேன். பிடித்தவர் என்ற வரியை வெறுமையாக விட இதழ்க்காரர் சம்மதிக்கவில்லை, யாரோ ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றார்கள். ஆகவே "உள்ளூர் மீனவர் ஒருவர்" என்று எழுதினேன். இந்த மூன்று சொல்லையும் எழுத எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம் இருக்கிறதுதான். யாரில் என்று தெரியவில்லை. பிரதியை அனுப்பிவிட்டு வந்து, காக்கா அன்றொரு நாள் எனக்கு அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "தங்கச்சி, இண்டைக்கும் ஒண்ட விட்டிட்டன், ஒன்ட கணக்குல எழுது" என்று சிரிக்கிறார். அவருடைய பெயரில் எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைப்பட்டேன். சரி, விடுங்கள்.

மாரி தொடங்கப்போகிறது. கவனமாக இருங்கள்.

றிஷானா


கிண்ணியா
14.12.2025

அன்புள்ள மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வெள்ளத்தைப் பற்றி உம்மா சொல்லியிருப்பா. நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அஸ்ஹான் தம்பி வந்து எங்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனான். ஒரு கிழமை அவன் வீட்டில் இருந்துவிட்டு வந்து பார்த்தால், குசினி எது அறை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சேறு. அலுமாரி குப்புறக் கிடந்தது. கலியாணப் படம் முதல் அவருடைய அடையாள அட்டை வரை உள்ளே இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது. ஒவ்வொன்றாக வெயிலில் காயவைத்தேன். காய்ந்த பிறகு அவருடைய முகமும் இல்லை, எழுத்தும் இல்லை.

அதையும் தாங்கிக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை அஸ்ஹான் ஜும்ஆ முடிந்து மையவாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் கனநேரம் செருப்பைக் கழுவினான். எனக்கு விளங்கிவிட்டது. "என்னடா?" என்றேன். "மீசான் கட்டையெல்லாம் அள்ளுண்டு போச்சு ராத்தா. அந்தப் பக்கம் முழுக்க மண் மூடிக் கிடக்கு. எது மச்சான்ட எண்டு ஆருக்கும் தெரியல்ல" என்றான்.

நம் ஊரில் கபுறில் பெயர் எழுதுவதில்லை, உங்களுக்குத் தெரியும். தலைமாட்டில் ஒரு கட்டை, கால்மாட்டில் ஒரு கட்டை. வீட்டாருக்குத் தெரிந்தால் போதும் என்று. பெண்கள் அங்கே போகிறதும் இல்லை. ஆனாலும் அவர் அந்த வேப்பமரத்துக்குக் கிழக்கே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் திரும்பி ஸலாம் சொல்வேன். இப்போது வேப்பமரமும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது?

நஜ்முன் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "அப்ப வாப்பாட பேர் எங்க உம்மா இரிக்கி?" என்றாள். அவளே, "மாமிட பாம்புல இரிக்கும் என்ன?" என்றாள். எனக்குத் தெரியாமல் உங்கள் கடிதங்களை வாசித்திருக்கிறாள். பாம்பின் மகள் என்று சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "சொன்னா சொல்லட்டும். அது வாப்பா விட்ட பாம்பு" என்கிறாள்.

மச்சி, நான் ஒக்டோபரில் எழுதியது தப்பு. பாம்பு ஒரு பக்கம், மனிசன் ஒரு பக்கம் என்று எழுதினேன். எனக்கு அவர் எந்தப் பக்கம் என்றே இப்போது தெரியவில்லை. அந்தக் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கோபத்தில் எழுதாமல் விட்டீர்களோ, வெள்ளத்தில் போய்விட்டதோ. இன்னும் பெயரை எடுக்கவில்லை என்றால் எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டீர்கள் என்றால் திருப்பி வையுங்கள். பாம்பிலேயே வையுங்கள். பிடித்தவர் என்ற வரியிலும் வையுங்கள். எங்கெங்கே இடமிருக்கிறதோ அங்கெல்லாம் வையுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லலாம். என் போனும் வீட்டுப் போனும் நனைந்து செத்துவிட்டன, உங்கள் நம்பரும் அதோடு போய்விட்டது. உம்மாவிடம் கேட்டால் தருவா. கேட்கத்தான் வாய் வரவில்லை. இவ்வளவு காலம் வெட்டிவிட்டு, எனக்குத் தேவை வந்ததும் எடுப்பதா என்று ஒரு வீம்பு. ஜனவரிக் கடைசி என்று எழுதியிருந்தீர்கள். நாள் இருக்கிறது என்ற தைரியத்தில் கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
பஸ்மியா மதினி


டவுன்ஸ்வில்
15.01.2026

என் மதினிக்கு,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. எப்படி எழுதினாலும் ஒன்றுதான், நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நாள் இருக்கவில்லை.

அச்சில் ஜனவரிக் கடைசியில்தான் வருகிறது. ஆனால் இதழ்க்காரர் டிசம்பர் பத்தொன்பதாம் திகதியே கட்டுரையை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அப்படி ஏற்றினாலும் வெளிவந்ததாகத்தான் கணக்கு. எனக்கே அன்று காலையில்தான் தெரியும். நீங்கள் இதை எழுதியது பதினான்காம் திகதி. அன்றோ அடுத்த நாளோ ஒரு வார்த்தை எனக்குக் கேட்டிருந்தால் நான் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தியிருப்பேன். ஸப்வானி என்று திருப்பி வைக்க ஐந்து நிமிசம் போதும்.

உங்களைக் குறை சொல்லவில்லை. என் போன் நனையவில்லையே. வெள்ளம் என்று கேள்விப்பட்ட அன்று மூதூருக்கு எடுத்து உம்மாவோடு கதைத்தேன். "பஸ்மியாவும் புள்ளயும் தம்பி வீட்ட இரிக்காங்க, அவன்ட நம்பர் தரவா?" என்று உம்மா கேட்டா. வேண்டாம், சுகமாக இருந்தால் சரி என்றேன். நான் எடுத்தால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள், அஸ்ஹான் தம்பியும் பொய் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்தேன். உங்களுக்கு ஒரு வீம்பு என்றால் எனக்கும் ஒன்று இருந்தது. இரண்டு பேருடைய வீம்புக்கும் நடுவில் காக்காவின் பெயர் போய்விட்டது.

இதழ்க்காரருக்கு எழுதிக் கெஞ்சினேன். பாம்பின் பெயர் இனி மாறாது என்கிறார்கள். பிடித்தவர் பெயரை மட்டும் பின்னொரு இதழில் திருத்தமென்று ஒரு வரி போடலாம், பார்ப்போம் என்கிறார்கள். போட்டாலும் அதை யார் தேடி வாசிக்கப் போகிறார்கள்?

கட்டுரையின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். வைக்காமல் விடவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை. நான்காம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. நஜ்முன் ஆங்கிலம் வாசிப்பாள். வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

வெள்ளம் தோணாவுக்குள்ளும் வந்திருக்கும். அவ்வளவு உப்பில்லாத நல்ல தண்ணீர், அவ்வளவு மண். என் நாக்கில் ஒரு கேள்வி நிற்கிறது. கேட்க மாட்டேன். ஒருமுறை கேட்டது போதும்.

உங்கள்,
றிஷானா


கிண்ணியா
08.02.2026

அன்புள்ள றிஷானா மச்சிக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நவம்பரில் எழுதியது ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. உறையில் சேறு காய்ந்திருந்தது. அதில் பெயரை எடுத்துவிட்டேன் என்று வாசித்துவிட்டு, என் டிசம்பர்க் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும், திருப்பி வைத்திருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் இரண்டாவது வந்தது.

நஜ்முன் நான்காம் பக்கத்தை வாசித்தாள். தமிழில் சொல்லு என்றேன். "உள்ளூர் மீனவர் ஒருவர்" என்றாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதினாறு வருசம் ஒரே பாயில் படுத்திருக்கிறேன், இப்படி ஒரு பெயரில் அவரை நான் கூப்பிட்டதே இல்லை. பிறகு அழுதேன். நன்றாக அழுதேன். மச்சி, அதை எழுதியது நீங்கள் இல்லை. உங்கள் கையைப் பிடித்து எழுதவைத்தது நான்.

நஜ்முனின் பேனையை வாங்கி அந்த வரிக்கு மேலே தமிழில் ஸப்வான் என்று எழுதினேன். எழுதி இரண்டு வருசமாகிறது அந்தப் பெயரை. எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "அதுல மாத்த ஏலாதெண்டுதானே மாமி எழுதியிரிக்கா?" என்று பிள்ளை கேட்டாள். ஓம், ஏலாது. எல்லாருடைய தாளிலும் உள்ளூர் மீனவர்தான். எங்கள் வீட்டுத் தாளில் மட்டும் ஸப்வான்.

கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா என்று நஜ்முன் கேட்கிறாள். மாட்டலாம் என்றிருக்கிறேன். அவருடைய படம் இருந்த ஆணி சும்மா கிடக்கிறது.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில். போன கிழமை யோகலிங்கம் அண்ணன் வந்தார். வெள்ளத்துக்குப் பிறகு தோணாவில் ஒன்றையும் காணவில்லை, எல்லாம் செத்துப்போச்சு என்றுதான் நினைத்தாராம். அன்று காலை ஒன்று வலையில் ஏறியிருக்கிறது. சின்னத் தலை, வெள்ளை வளையம். அவர் கட்டையைத் தூக்கவில்லை, கையும் வைக்கவில்லை. அந்த இடத்தில் வலையை வெட்டி அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டாராம். "வலை போனாப் போகட்டும் பிள்ளை. அவன் விட்டத நான் எப்பிடி அடிக்கிறது?" என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு இவரும் வலையை வெட்டியிருந்தால் என்ற நினைவு அண்ணன் போன பிறகும் போகவில்லை.

உங்கள் பாம்பு இருக்கிறது, மச்சி. எத்தனை என்று தெரியாது. ஒன்று இருக்கிறது.

நோன்பு வருகிறது. லீவு கிடைத்தால் பெருநாளைக்கு வாருங்கள். வீட்டில் இன்னும் சேற்று மணம் போகவில்லை, அதைப் பொருட்படுத்தாமல் வாருங்கள். மையவாடியின் எந்தப் பக்கம் பார்த்து துஆ கேட்பது என்று தெரியாது. தோணாக் கரையில் நின்று கேட்போம்.

அஸ்ஹான் ஒரு போன் வாங்கித் தந்திருக்கிறான். நம்பரை உறையின் பின்பக்கத்தில் நஜ்முன் எழுதியிருக்கிறாள். இதற்குப் பதில் கடிதம் எழுத வேண்டாம். போன் எடுங்கள். நான் குளிக்கப் போகமாட்டேன்.

பஸ்மியா